சோர்வுக்கு எத்தனை மார்க்?

"ரிப்போர்ட் எல்லாம் நார்மல்தான், நல்லா ரெஸ்ட் எடுங்க." நாட்பட்ட நோயோடு வாழ்கிறவர்களில் இதைக் கேட்காதவர் குறைவு. வலிக்கு ஸ்கேன் எடுக்கலாம், காய்ச்சலுக்குப் பாதரசம் ஏறும். படுக்கையிலிருந்து எழுந்து பல் விளக்கியதுமே அன்றைய தெம்பு தீர்ந்துபோவதற்கு எந்தப் பரிசோதனைக் கூடமும் சீட்டு எழுதித் தருவதில்லை.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் வினாத்தாள்கள் வந்தன. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் லாரன் க்ரப்பும் உடன் பணியாற்றியவர்களும் 1989-இல் ஒன்பது வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். கடந்த ஒரு வாரத்தை நினைத்துப் பார்த்து, ஒவ்வொரு வாக்கியமும் தனக்கு எவ்வளவு பொருந்தும் என்று 1 முதல் 7 வரை ஓர் எண்ணை நோயாளி வட்டமிட வேண்டும். சராசரி நான்கைத் தொட்டால் சோர்வு கவனிக்கவேண்டிய அளவில் இருப்பதாகக் கொள்கிறார்கள். முதலில் சோதித்தது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், லூபஸ் என்ற இரண்டு நோய்களில். பிறகு அந்தத் தாள் உலகம் முழுக்கப் போய்விட்டது. 1993-இல் இங்கிலாந்திலிருந்து சால்டர் அளவுகோல் வந்தது: 11 கேள்விகள், 33 மதிப்பெண். இன்று இந்த வகையில் எத்தனை தாள்கள் புழக்கத்தில் இருக்கின்றன என்று எண்ணுவதே களைப்பான வேலை.

இவற்றால் கிடைத்த நன்மை சிறியதல்ல. முடக்குவாத ஆய்வுகளில் முன்பெல்லாம் வீங்கிய மூட்டுகளை எண்ணினார்கள், ரத்தத்தில் அழற்சியை அளந்தார்கள், சோர்வைப் பெரும்பாலும் கேட்டதில்லை. வாதநோய் ஆய்வுகளில் எதையெதை அளப்பது என்று முடிவுசெய்யும் ஒமராக்ட் என்ற பன்னாட்டுக் குழு 2002-இல் நோயாளிகளையும் கூட்டத்துக்கு அழைத்தது. வந்தவர்கள் அழுத்திச் சொன்னவற்றில் ஒன்று சோர்வு. 2007-இல் முடக்குவாத ஆய்வுகளில் சோர்வையும் அளக்கவேண்டும் என்று அதே குழு பரிந்துரைத்தது. எண்ணாக மாறிய பிறகுதான் மருத்துவர்கள் காதில் அது விழுந்தது என்பது கொஞ்சம் வருத்தமான உண்மை. ஆனாலும் விழுந்தது.

என் மனத்தாங்கல் வேறு இடத்தில். இந்தத் தாள்கள் 'எவ்வளவு' என்று கேட்கின்றன. எதைச் செய்த பிறகு, எத்தனை மணி நேரம் கழித்து, எவ்வளவு நேரத்துக்கு என்று பெரும்பாலும் கேட்பதில்லை. நாட்பட்ட நோயின் சோர்வைச் சாதாரணக் களைப்பிலிருந்து பிரிப்பது அந்தக் கணக்குதான்.

சிறிய குறைகள் இருக்கின்றன, அவற்றைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். க்ரப் தாளின் முதல் இரண்டு வாக்கியங்கள் மற்ற ஏழோடு ஒட்டவில்லை என்று பிந்தைய புள்ளியியல் ஆய்வுகள் காட்டின. சால்டர் தாளில் எல்லாவற்றுக்கும் 'வழக்கத்தைவிட மிக அதிகம்' என்று குறித்துவிட்ட நோயாளி அடுத்த மாதம் இன்னும் மோசமானால் அதைக் குறிக்க அங்கே கட்டம் இல்லை. 'வழக்கம்' என்பதும் வழுக்கும். நலமாக இருந்த காலத்தோடு ஒப்பிடச் சொல்லி அறிவுறுத்தல் உண்டு. ஆனால் பத்து வருடம் படுத்திருப்பவருக்கு எது வழக்கம்? நேற்றோடு ஒப்பிட்டு 'வழக்கம்போலத்தான்' என்று அவர் குறித்தால் தேறிவிட்டார் என்று தாள் சொல்லும்.

பெரிய குறையைப் பார்க்க இங்கிலாந்தின் பேஸ் ஆய்வுக்குப் போகவேண்டும். நாட்பட்ட சோர்வு நோய்க்குறி உள்ள 641 பேர்; நான்கு குழுக்கள்; 2011-இல் 'லான்செட்' இதழில் முடிவு. படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியோ அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையோ பெற்றவர்களின் சால்டர் மதிப்பெண், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களைவிட மூன்று புள்ளி சொச்சம் குறைந்திருந்தது. பயிற்சிதான் மருந்து என்று செய்தித்தாள்கள் கொண்டாடின.

அந்த மூன்று புள்ளியை யார் தந்தது? நோயாளிதான். எந்தச் சிகிச்சை பெறுகிறோம் என்று அவருக்குத் தெரியும். சோர்வை ஆபத்தின் அறிகுறியாக எண்ணி அஞ்சவேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம் என்று பல மாதம் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது எவ்வளவு சோர்வு என்று கேட்டால், உடல் மாறாமலே பதில் மாற வாய்ப்புண்டு. அன்பாகக் கவனித்துக்கொண்டவர்களிடம் 'ஒன்றும் மாறவில்லை' என்று எழுதிக்கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்? உடலைக் கேட்டபோது கிடைத்த பதில் அவ்வளவு உற்சாகமாக இல்லை. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்ற சோதனையில் பயிற்சிக் குழு 312 மீட்டரிலிருந்து 379 மீட்டருக்கு வந்தது. முன்னேற்றம்தான். ஆனால் அது இன்னும் கடுமையாக நோயுற்றவரின் நடை. நாள் முழுவதும் அசைவைப் பதிவுசெய்யும் கருவியை ஆய்வின் தொடக்கத்தில் அணிவித்தார்கள், முடிவில் அணிவிக்கவில்லை. அது மட்டும் இருந்திருந்தால் பாதி வாக்குவாதம் அன்றே தீர்ந்திருக்கும்.

அடுத்தது அதைவிட விசித்திரம். உடல் இயக்கத்துக்கான 100 புள்ளி அளவில் 65 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் ஆய்வில் சேரும் அளவுக்கு நோய். தேறிவிட்டார் என்று சொல்ல முதலில் வைத்த எல்லை 85. பின்னால் அதை 60 ஆக்கினார்கள். 63 புள்ளியோடு ஆய்வில் சேர்ந்தவர், சேரும்போதே அந்த அளவில் 'தேறியவர்' ஆகிவிடுகிறார்! மாற்றிய அளவுகோல்களின்படி அந்த இரண்டு சிகிச்சைகளைப் பெற்றவர்களில் 22 சதவீதம் பேர் தேறினார்கள் என்று 2013-இல் எழுதினார்கள். ஒரு நோயாளி தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே கேட்டு, 2016-இல் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு தரவுகள் வெளியே வந்தன. முதலில் எழுதிவைத்த விதிப்படி மறுபடி கணக்கிட்டபோது அந்த 22 ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. 2021 அக்டோபரில் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, 2007-இல் தான் பரிந்துரைத்த படிப்படியான பயிற்சியை இந்த நோய்க்குத் தரவேண்டாம் என்று மாற்றி எழுதியது.

அந்த மாற்றத்துக்கு அடியில் இருந்தது நோயாளிகள் முப்பது நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்த விஷயம். இந்த நோயில் உழைப்புக்கான விலை அன்றைக்கே வருவதில்லை. திங்கட்கிழமை வாங்கிய கடனுக்குப் புதன்கிழமை வட்டிக்காரன் வீட்டு வாசலில் வந்து நிற்பதுபோல, ஒன்றிரண்டு நாள் கழித்து உடல் சரிகிறது. எழ நாட்களோ வாரங்களோ ஆகும். 'கடந்த வாரம்' என்ற ஒரே மூட்டையில் திங்களும் புதனும் சேர்ந்து கட்டப்பட்டுவிடுவதால் வினாத்தாளில் இது தெரியாது.

இப்படித் தடுமாறியது பேஸ் ஆய்வு மட்டுமல்ல. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சோர்வுக்குப் பல்லாண்டாக எழுதப்படும் மூன்று மருந்துகளை, அமன்டடின், மோடஃபினில், மெத்தில்ஃபெனிடேட், வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2021-இல் வந்தது. 84 புள்ளி அளவுகோலில் தொடக்கச் சராசரி 51.3. மூன்று மருந்துகளும் அதை 38-க்கும் 42-க்கும் இடையே இறக்கின. வெற்று மாத்திரையும் 40.6-க்கு இறக்கியது. பத்துப் புள்ளி தானாகவே இறங்கும் ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு, வெளிநோயாளர் பிரிவில் 'மருந்து வேலை செய்கிறது' என்று எந்த மருத்துவராவது எப்படிச் சொல்வார்?

எண்ணைத் துரத்துவதில் ஆபத்தும் உண்டு. சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் ரத்தசோகையும் சேர்ந்த 4,038 பேரிடம், ஹீமோகுளோபினை ஊசி மருந்தால் 13 வரை உயர்த்தினால் என்ன ஆகும் என்று ட்ரீட் ஆய்வு பார்த்தது. 2009-இல் முடிவு. அந்த மருந்தைப் பெற்றவர்களின் சோர்வு மதிப்பெண் கொஞ்சம் மேம்பட்டது. பக்கவாதம் 101 பேருக்கு வந்தது. மற்ற குழுவில் 53 பேருக்கு.

இத்தனைக்கும் நடுவில் எனக்குப் பிடித்த ஓர் அளவுகோல் டயாலிசிஸ் பிரிவில் இருக்கிறது. அது தாளே அல்ல, ஒற்றைக் கேள்வி: டயாலிசிஸ் முடிந்த பிறகு பழைய நிலைக்கு வர உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? பதில் நிமிடத்தில் அல்லது மணியில். கனடாவின் ராபர்ட் லிண்ட்சேயின் குழு 2006-இல் இதைச் சரிபார்த்து வெளியிட்டது. பன்னிரண்டு நாடுகளின் நோயாளிகளிடம் கேட்ட பெரிய ஆய்வில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களிடையே மருத்துவமனைச் சேர்க்கையும் மரணமும் கூடுதலாக இருந்தன. வீட்டிலேயே வாரத்துக்கு ஆறு முறை டயாலிசிஸ் செய்துகொண்டவர்களிடம் இந்த நேரம் ஓராண்டில் 476 நிமிடத்திலிருந்து 63 நிமிடமாகக் குறைந்தது. ஒப்பிட வேறு குழு இல்லாத ஆய்வு என்பதால் அந்த எண்ணை முழுசாக நம்பமாட்டேன். கேள்வியை நம்புகிறேன். 'எட்டு மணி நேரம்' என்றால் நோயாளிக்கும் புரியும், பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் புரியும். காலையில் டயாலிசிஸ் முடித்துப் பேருந்தேறி ஊர் திரும்புகிறவர் மறுநாள் கடை திறக்க முடியுமா முடியாதா என்பது அந்தப் பதிலிலேயே இருக்கிறது. 4.7 என்ற சராசரியில் அது இல்லை.

இந்தக் கேள்வி எல்லா நோய்க்கும் பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். டயாலிசிஸுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. லூபஸ் நோயாளியின் நாளில் அப்படி மணி அடித்து முடிகிற பாரம் எது? குழந்தையைக் குளிப்பாட்டியதா, மாமியாரோடு பேசியதா, வெயிலில் ரேஷன் கடையில் நின்றதா?

அதனால்தான் பேஸிங் என்ற முறை நோயாளிகளிடையே பரவியது. இருக்கும் தெம்புக்குள் வேலையை வைத்துக்கொள்வது, நன்றாக இருக்கும் நாளிலும் எல்லையைத் தாண்டாமல் நிறுத்துவது. கைக்கடிகாரத்தில் இதயத்துடிப்புக்கு வரம்பு வைத்து, தாண்டினால் அதிரச் செய்கிறவர்களும் உண்டு. பின்விளைவோடு செயலைச் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் இதில் இருப்பதால், தாள்களைவிட நோயின் இயல்புக்கு இது நெருக்கமானது. ஆனால் இதற்கு ஆதரவான ஆய்வுச் சான்று மெலிந்தது. துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்தக் கடிகார வரம்பு அர்த்தமற்றது. எதைச் செய்தாலும் நாளைக்கு என்ன ஆகுமோ என்று எண்ணியே சிலர் சுருங்கிப்போகிறார்கள்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை: ஒரு நோயின் பாடத்தை இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. புற்றுநோய்ச் சோர்வில் 113 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டுக் கட்டுரை, மருந்துகளைவிட உடற்பயிற்சி நன்றாக உதவுகிறது என்றது. முடக்குவாதத்திலும் அசைவு நல்லது. பேஸ் ஆய்வின் கசப்பில் எல்லோரையும் படுக்கச் சொன்னால் அது எதிர்த்திசையில் அதே தவறு. எதையும் தொடங்குமுன் தைராய்டு, ஹீமோகுளோபின், தூக்கத்தில் மூச்சடைப்பு, மன அழுத்தம், சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றைப் பார்த்துவிடவேண்டும். மதிப்பெண் போட்டுவிட்டதாலேயே காரணம் தேடுவது நின்றுவிடுவதுண்டு.

பேஸிங்குக்கு இன்னொரு நிபந்தனை உண்டு, கையேடுகள் அதை எழுதுவதில்லை. நிறுத்த முடிகிறவர்தான் நிறுத்தலாம். சித்தாள் வேலைக்குப் போகிற பெண் பதினோரு மணிக்கு 'என் தெம்பு தீர்ந்துவிட்டது' என்று உட்கார்ந்தால் அரை நாள் கூலி போகும், மறுநாள் வேலையே போகலாம்.

இந்த இடத்தில்தான் நான் இவ்வளவு குறை சொன்ன எண்ணுக்கு வேலை இருக்கிறது. மேலாளருக்கும் மருத்துவக் குழுவுக்கும் கதை போதாது, காகிதம் வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் அதில் உண்டு, சிறுநீரகச் செயலிழப்பு இல்லை. முக்கியச் சலுகைகளுக்குக் குறைபாடு குறைந்தது 40 சதவீதம் இருக்கவேண்டும். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டு, ஒவ்வொரு முறையும் எட்டு மணி நேரம் எழ முடியாமல் கிடப்பவருக்கு வாரத்தில் ஒரு முழு நாள் அப்படியே போகிறது. இந்தப் பெருக்கலை எந்தச் சான்றிதழ் படிவமும் கேட்பதில்லை. கேட்கத் தொடங்கினால், எழுதிக்கொடுக்க அந்த ஒற்றைக் கேள்வியின் பதில் கையில் இருக்கிறது.