அடையாற்றங்கரையில் யார் குடியிருப்போர்?

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. சென்னையின் சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் மூழ்கின. அதன்பின் ஆற்றைச் சீரமைப்பது பற்றிய பேச்சில் மக்கள் பங்கேற்பு நிலையான இடம் பிடித்துவிட்டது. அந்தப் பங்கேற்பை எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

அதன் பலம் உள்ளூர் அறிவு. முடிச்சூர், வரதராஜபுரம் குடியிருப்போர் சங்கங்கள் மனுமேல் மனு கொடுத்து விடாமல் வற்புறுத்தின. பிறகு அங்கே ஆறு அகலப்படுத்தப்பட்டது, மூடுகால்வாய்களும் வந்தன. எந்தத் தெருமுனையில் முதலில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறும், எந்தச் சிறுபாலத்தின் கண் பிளாஸ்டிக்கால் அடைபடும் என்பதை வரைபடம் சொல்லாது; அங்கே வாழ்கிறவர் சொல்வார். கோடையில் ஆற்றில் நீர் வற்றும்போது அலை தள்ளும் மணல் முகத்துவாரத்தை மூடுவதை சீனிவாசபுரம் மீனவர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். பருவமழைக்குமுன் மணலை எங்கே, எப்போது வெட்ட வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டியது அவர்களிடம்தான்.

ஞாயிற்றுக்கிழமைத் துப்புரவுப் பணி வேறு கதை. தன்னார்வலர்கள் கையுறை மாட்டிக்கொண்டு ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போடுகிறார்கள். நல்ல மனசுதான், மதிக்கிறேன். ஆனால் பக்கத்திலேயே மழைநீர் வடிகால் வழியாகக் கழிவுநீர் கறுப்பாகக் கொட்டிக்கொண்டிருக்கும். திருட்டுத்தனமான கழிவுநீர் இணைப்பைத் துண்டிப்பதும், சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதும் அரசின் வேலை. அதைத் தன்னார்வலர் தலையில் கட்ட முடியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, குடியிருப்போர் என்று யாரைக் கணக்கில் எடுக்கிறோம் என்பது. பட்டாவும் சங்கமும் உள்ளவர்களின் குரல் கூட்டத்தில் எடுபடுகிறது. கரையிலேயே தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்குக் கிடைத்தது கணக்கெடுப்பும் டோக்கனும் பெரும்பாக்கத்தில் ஒரு வீடும்தான். அங்கே அனுப்பப்பட்டதால், வீட்டுவேலைக்குப் போன பெண்கள் வேலையை இழந்தார்கள். பிள்ளைகளின் படிப்பு நடுவில் நின்றது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்திலும் மழைக்குத் தண்ணீர் தேங்குகிறது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி வெள்ளக்காட்டில் குடியமர்த்துவது எப்படி நியாயமாகும்? ஆக்கிரமிப்பு என்று குடிசைகள் அகற்றப்பட்ட அதே ஆற்றின்மேல்தான் பாலம் கட்டி விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை நீள்கிறது. அதைப் பற்றி எந்தக் கரைவாசியிடமும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஒப்பந்தப்புள்ளி கோரி முடிந்தபிறகு நடத்தும் கூட்டத்தைப் பங்கேற்பு என்று நான் ஏற்கமாட்டேன். 2022-இல் வந்த விதிகள் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் வழி செய்திருக்கின்றன. உங்கள் பகுதி சபை அடுத்து கூடும்போது ஆற்றுத் திட்டத்தின் வரைபடத்தைத் தமிழில் மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். கரையில் எஞ்சியிருப்பவர்களையும், பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்களையும் அந்தக் கூட்டத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள்.