‘ஆபீஸ் ஆபீஸ்’ – எள்ளலும் எள்ளப்படுதலும்

நகை எங்ஙனம் பிறக்கின்றது என்னும் வினாவுக்குத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் விடை பகர்ந்துள்ளார். எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகிய நான்கும் நகைக்கு நிலைக்களன்கள் என்பது அவர் கண்ட முடிபு. உரையாசிரியர் பேராசிரியர் இன்னும் ஒரு படி மேலே சென்று, எள்ளல் இருவகைப்படும் என்கிறார். நாம் பிறரை எள்ளி நகுவது ஒன்று; பிறரால் எள்ளப்பட்டபோது நாமே நகுவது மற்றொன்று. இந்த இரண்டாம் வகையின் பொருள், நமக்கு ஏட்டில் விளங்கவில்லை. ஓர் இந்தித் தொலைக்காட்சித் தொடரின் முன் அமர்ந்திருந்தபோதுதான் விளங்கிற்று.

2001ஆம் ஆண்டு ஸாப் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘ஆபீஸ் ஆபீஸ்’ தொடரை இம்மலரைப் படிக்கும் குடும்பங்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ராஜீவ் மெஹ்ரா இயக்கிய இத்தொடரில் முஸத்தி லால் என்னும் சாமானியராகப் பங்கஜ் கபூர் நடித்தார். அலுவலக மேசைகளுக்குப் பின்னால் பட்டேலாக தேவன் போஜானியும், பாட்டியாவாக மனோஜ் பாஹ்வாவும், சுக்லாவாக சஞ்சய் மிஸ்ராவும், பாண்டேயாக ஹேமந்த் பாண்டேயும், உஷாஜியாக அஸாவரி ஜோஷியும் அமர்ந்திருந்தனர்.

அந்நாளில் நாம் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தோம். எம் தந்தையார் தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றி வந்தார். அரசுக் குடியிருப்பின் முன்னறையில் குடும்பமே கூடியிருக்க, திரையில் குமாஸ்தாக்கள் சந்தி சிரித்தனர். எம் அன்னையார் அடிக்கடி தந்தையாரின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார். அவரோ எங்கள் எல்லோரையும்விட உரக்கச் சிரித்துக்கொண்டிருப்பார். தம் தொழிலையே பழிக்கும் ஒரு நாடகத்தைக் கண்டு ஒருவர் இவ்வாறு மகிழ்வது எங்ஙனம் என்று நாம் வியந்ததுண்டு.

தொடரின் அமைப்பு மிக எளியது. முஸத்தி லாலுக்கு ஏதோ ஓர் அலுவலகத்தில் ஒரு வேலை ஆக வேண்டும். ஒரு மேசை அடுத்த மேசைக்கு அனுப்பும்; அடுத்த மேசை முதல் மேசைக்கே திருப்பும். வாய் நிறைய வெற்றிலைச் சாறுடன் சுக்லா முனகுவார். பாட்டியாவுக்கு எந்நேரமும் தீனியிலேயே கண். எதற்கும் இரண்டு விஷயங்கள் உண்டு என்று தொடங்குவார் பட்டேல். வாரந்தோறும் அலுவலகத்தின் பெயர்ப் பலகை மாறும். உள்ளே இருப்பவர்கள் மட்டும் மாறுவதில்லை. அதே பெயர்கள், அதே பழக்கங்கள். இதனைக் கற்பனை வறட்சி என்று கூறுவாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. எந்த வாயிலில் நுழைந்தாலும் எதிர்ப்படுவது ஒரே அலுவலகந்தான் என்பதை இதனினும் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

இனி, முஸத்தி லாலைப் பார்த்து நாம் நகுவது ஏன்? பிறர் கூறியதை அப்படியே ஏற்றுக்கொள்ளும் மடமையே அதற்குக் காரணம். நாளை வா என்றால் நாளை வருகிறார். அந்தப் படிவம் வேண்டும் என்றால் அதற்கு ஓடுகிறார். பங்கஜ் கபூரின் குழைந்த குரலும் தயங்கிய சிரிப்பும் நம்மைச் சிரிக்கவைத்து, அடுத்த கணமே நெஞ்சை உறுத்துகின்றன. எள்ளலும் மடமையும் மேசைக்கு இருபுறமும் எதிரெதிரே அமர்ந்திருப்பதே இத்தொடரின் கவர்ச்சி எனலாம்.

இவருடைய பெயரிலும் ஒரு நயம் உண்டு. ‘முதஸத்தி’ என்பது முகலாயர் ஆட்சியில் கணக்கரையும் எழுத்து அலுவலரையும் குறித்த சொல். அதன் திரிபே முஸத்தி. ஆக, மேசைக்கு வெளியே மனுவுடன் நிற்பவரின் பெயரே குமாஸ்தா என்பதாகும்! படைத்தவர்கள் இதனை எண்ணிச் செய்தனரோ அன்றித் தற்செயலாக நேர்ந்ததோ, பொருத்தம் மட்டும் மிகச் சரியானது.

இதற்கு முன்னர் 1988இல் தூர்தர்ஷனில் ‘வாக்ளே கி துனியா’ வந்தது. ஆர்.கே. லக்ஷ்மணின் கருத்தில் உருவாகி, குந்தன் ஷா இயக்கிய அத்தொடரில் ஒரு விற்பனைப் பிரிவு எழுத்தரே நாயகர். அவருடைய சின்னஞ்சிறு கவலைகளே கதை. 1988இல் நம் பரிவுக்கு உரியவராயிருந்த குமாஸ்தா, 2001இல் ஏளனத்துக்கு உரியவராகிவிட்டார். வாக்ளே தனியார் நிறுவன ஊழியர், சுக்லாவும் பட்டேலும் அரசு ஊழியர் என்னும் வேறுபாட்டை நாம் மறக்கவில்லை. எனினும் இடையே 1991இன் பொருளாதார மாற்றங்கள் நிகழ்ந்தன. அரசு வேலை என்னும் சொல்லின் மதிப்பும் மாறிற்று. அவ்வேலையை நம்பியே தில்லிக்கு ரயிலேறிய நம்மவருக்கு இம்மாற்றத்தின் வலி நன்கு தெரியும்.

குறைகளையும் கூறுதல் வேண்டும். இத்தொடரின் சாட்டை பெரும்பாலும் கீழ்மேசைகள் மீதே விழுகின்றது. விதிகளை வகுப்பவரும், காலியிடங்களை நிரப்பாதிருப்பவரும், ஒரு கையொப்பத்துக்கு ஐந்து கையொப்பம் கேட்கும் முறையை ஏற்படுத்தியவரும் திரைக்கு வெளியே நலமாக இருக்கின்றனர். நேர்மையான எழுத்தர் ஒருவருக்கு அந்த அலுவலகத்தில் நாற்காலி இல்லை. இதனை நாம் ஒருநாள் தந்தையாரிடம் குறைபட்டுக்கொண்டோம். “ஒழுங்காக வேலை பார்க்கிறவனைக் கண்டு எவனப்பா சிரிப்பான்?” என்று கூறி அவர் நகர்ந்துவிட்டார்.

2011இல் இத்தொடர் ‘சலா முஸத்தி... ஆபீஸ் ஆபீஸ்’ என்று திரைப்படமாகவும் வந்தது. ஓய்வூதிய அலுவலகம் தம்மை இறந்தவராகப் பதிவு செய்துவிட, உயிருடன் இருப்பதை மெய்ப்பிக்க முஸத்தி லால் அலைகிறார். மிகை என்று அதனை ஒதுக்க நம்மால் இயலவில்லை. ஓய்வு பெற்ற தந்தையார் ஒரு நவம்பர் மாதம் உயிர்வாழ் சான்றிதழ் அளிக்கச் சென்றார். கை நடுக்கத்தால் கையொப்பம் பொருந்தவில்லை என்று கூறி, மறுநாள் வரச் சொல்லிவிட்டனர். முப்பது ஆண்டுகள் பிறருடைய கையொப்பங்களைச் சரிபார்த்த கை அது. வீடு திரும்பியவர் செருப்பைக் கழற்றியவாறே, “இன்று நான் முஸத்தி லால்” என்றார். சிரித்துக்கொண்டேதான் கூறினார். எள்ளப்பட்டவர் தாமே நகுவது என்று பேராசிரியர் வகுத்தது இதுவே என்று அன்று உணர்ந்தோம்.

அப்போது நாமும் பணியில் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு முந்தைய வாரந்தான் முதியவர் ஒருவர் நம் மேசையருகே வந்து, விடுபட்ட தம் நிலுவைத் தொகை பற்றிக் கேட்டார். கோப்பு நம் மேசையிலேயே இருந்தது, மணி ஐந்தேகால். நாளை வாருங்கள் என்றோம். அவரும் தயங்கிச் சிரித்து, நன்றி கூறிச் சென்றார். அந்தச் சிரிப்பைத் திரையில் நூறு முறை கண்டிருந்தும் நாம் அதனை அடையாளம் காணவில்லை. தந்தையார் திரும்பி வந்த அன்று இரவுதான் அது நினைவுக்கு வந்தது.

2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. 2014இல் உயிர்வாழ் சான்றினைக் கணினி வழியே அளிக்கும் முறையும் வந்தது. இவை நன்மையே. எனினும் தேய்ந்த விரல்ரேகையைக் கருவி ஏற்காதபோது, முதியவர் மீண்டும் ஒரு மேசையைத் தேடித்தான் வருகிறார். அங்கே சுக்லா அமர்ந்திருக்கலாம், நாமும் அமர்ந்திருக்கலாம்.

பிறரை எள்ளும் நகை அன்றோடு முடிந்துபோகும். நம்மையே எள்ள வைக்கும் நகையோ மறுநாள் அலுவலகத்துக்கும் உடன் வரும். ‘ஆபீஸ் ஆபீஸ்’ இவ்வகையைச் சார்ந்தது. அந்த முதியவர் மறுநாள் வந்தபோது கோப்பு முடிந்திருந்தது. அதனை முந்தைய நாளே முடித்திருக்கலாம் என்பது நமக்கும் அவருக்கும் தெரியும்.