மலைக்கள்ளன் ஏன் போலீஸில் சேரவில்லை?

அமெரிக்கக் குதிரைப் படங்களில் திரும்பத் திரும்ப வரும் கதை ஒன்று உண்டு. ஒரு காலத்தில் துப்பாக்கி தூக்கி வழிமறித்தவன் எங்கோ ஒரு சிற்றூருக்கு வந்து சேருகிறான். சட்டம் அங்கே இன்னும் சரியாகக் காலூன்றவில்லை. ஊரார் கூடிப் பேசி, அவன் சட்டையில் ஒரு தகர நட்சத்திரத்தைக் குத்தி, அவனையே ஷெரீப் ஆக்கிவிடுகிறார்கள். நேற்றுவரை அவனோடு சேர்ந்து கொள்ளையடித்தவர்கள் நாளைக்கு அவன் எதிரில் வந்து நிற்பார்கள். அப்போது இவன் கை எந்தப் பக்கம் நீளும்? கதையின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

நான் குடியிருக்கும் ஆவடி, போலீஸ்காரர்கள் நிறைந்த ஊர். சிறப்புக் காவல் படையின் அணிகள் இங்கே இருக்கின்றன. 2022 முதல் தனியாக ஒரு கமிஷனரும் உண்டு. பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற ஏட்டு ஒருவர் இருக்கிறார். பழைய படமென்றால் அவருக்குச் சோறு வேண்டாம். 'மலைக்கள்ளன்' பார்த்துக்கொண்டிருந்தபோது, "இவ்வளவு துப்பு தெரிஞ்சவனை டிபார்ட்மெண்டுல எடுத்துக்கிட்டா என்ன சார்?" என்றார். விளையாட்டாகக் கேட்டதுதான். ஆனால் அந்தப் படத்தைப் பற்றிய விமர்சனம் எதிலும் இத்தனை நல்ல கேள்வியை நான் கண்டதில்லை.

நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் நாவல் அது. கோவை பட்சிராஜா ஸ்டூடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு 1954-ல் படமாக்கினார், வசனம் மு. கருணாநிதி. ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்ற படம். கதாநாயகன் மலையில் கள்ளன். ஊருக்குள் அப்துல் ரஹீம் என்ற வியாபாரி. ரஹீமாக வந்து இன்ஸ்பெக்டருக்கே உதவி செய்கிறான். எம்.ஜி.ஆர். கத்தி சுழற்றும் இடங்களைவிட ரஹீமாக உட்கார்ந்து பேசும் இடங்களே எனக்குப் பிடித்தவை. கேலியை உள்ளே அடக்கிக்கொண்டு மரியாதையாகப் பேசும் அந்த நடிப்பைப் பிற்காலத்தில் அவரிடம் அதிகம் காண முடியவில்லை. சட்டத்துக்கு வெளியே இருப்பவன் சட்டத்தின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். இதைவிட ஒரு கதைக்கு என்ன வேண்டும்?

ஆனால் முடிவிலே என்ன நடக்கிறது? கள்ளன் கள்ளனே இல்லை, வெகு நாளைக்கு முன் காணாமற்போன குமாரவீரன், கதாநாயகி பூங்கோதைக்கு உறவு முறைப் பையன் என்று தெரிகிறது. கள்ளன் என்ற பெயர் மேல்துண்டைப்போல நழுவி விழுந்துவிடுகிறது. மன்னிக்க வேண்டிய அவசியம் ஊருக்கும் இல்லை, மாற வேண்டிய அவசியம் அவனுக்கும் இல்லை. நமக்குத் திருந்திய திருடன் வேண்டாம். திருடாத திருடன்தான் வேண்டும்!

ஹாலிவுட்டும் இதில் சுத்தமென்று சொல்வதற்கில்லை. நிக்கலஸ் ரே 1955-ல் எடுத்த 'ரன் ஃபார் கவர்' படத்தில் சிறைக்குப் போய் வந்த ஜேம்ஸ் காக்னி ஷெரீப் ஆகிறார். பார்த்தால், வேறெவனோ செய்த குற்றத்துக்காக அவர் உள்ளே இருந்திருக்கிறார். அங்கேயும் அதே பயம்.

நிஜம் வேறு மாதிரி இருந்தது. பில்லி தி கிட் என்ற பிரசித்தமான கொள்ளைக்காரனோடு திரிந்த ஹென்றி பிரவுன் 1882-ல் கான்ஸாஸ் மாநிலத்துக் கால்டுவெல் நகரின் மார்ஷல் ஆனான். ஊர் அடங்கிற்று. ஜனங்கள் மகிழ்ந்து, பெயர் பொறித்த துப்பாக்கி ஒன்றைப் பரிசளித்தார்கள். 1884 மார்ச்சில் கல்யாணம். ஏப்ரல் 30-ந் தேதி தன் துணை அதிகாரியையும் வேறு இருவரையும் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊர் பாங்கைக் கொள்ளையடிக்கப் போனான். இரண்டு பேர் உயிர் போயிற்று. அன்றிரவே ஜனங்கள் சிறையை உடைத்துப் புகுந்தபோது தப்பியோட முயன்று சுடப்பட்டுச் செத்தான். இரண்டு வருஷம் அவன் யோக்கியனாக இருந்தது நடிப்பா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த இரண்டு வருஷத்தை எழுதக்கூடியவன்தான் நாவலாசிரியன்.

நம்முடைய கிராமங்கள் இதை அறியாதவை அல்ல. தென் மாவட்டங்களில் காவல்காரருக்கு ஊர் தானியம் அளந்தது. மாடு களவு போனால் அவர் மீட்டுத் தர வேண்டும், இல்லாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். காவல் வைக்காத ஊரில் மாடு தானாகக் காணாமற்போகும். துப்புக்கூலி கொடுத்தால் தானாகத் திரும்பி வரும். யாருக்குப் பயப்படுகிறோமோ அவரிடமே சாவியைக் கொடுப்பது என்ற ஏற்பாட்டில் இருந்த தந்திரமும் அவமானமும் நம் சினிமாவுக்கு ஏன் ருசிக்கவில்லை?

காரணம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். காவல் பார்த்த சமூகங்களில் சிலவற்றையே வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரை என்று எழுதிவைத்தான். ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். ஒரு குற்றமும் செய்யாதவன்கூட ரேகை வைத்துவிட்டு, ராத்திரி கச்சேரியில் போய்ப் படுக்க வேண்டும். சென்னை ராஜதானியில் 1947-ல் அது ரத்தாயிற்று. நாடு முழுவதும் 1952-ல். அடுத்த இரண்டாவது வருஷம் 'மலைக்கள்ளன்' வருகிறது. பிறப்பால் இவன் கள்ளன் என்றது சட்டம். பிறப்பால் இவன் கள்ளனல்ல என்கிறது படம். இரண்டுக்கும் சாட்சி பிறப்புதான்! நாயகனை விடுதலை செய்த படம், சட்டத்தின் நம்பிக்கையை அப்படியே வைத்துக்கொண்டுவிட்டது. கொட்டகையில் கைதட்டியவர்களில் ரேகை வைத்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களுக்குக் காணாமற்போன பணக்கார உறவு எங்கிருந்து வரும்?

இந்த விஷயத்தில் 1975-ல் வந்த 'ஷோலே' கொஞ்சம் நேர்மையான படம். கைகளை இழந்த பழைய போலீஸ் அதிகாரி, கொள்ளைக்காரனைப் பிடிக்க இரண்டு திருடர்களைக் கூலி பேசி அமர்த்துகிறார். அவர்கள் திருடர்கள் என்பது அவருக்குத் தெரியும். ஒரு சமயம் ரயிலில் தன்னைக் காப்பாற்றியவர்கள் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்தே கணக்குப் பார்க்கிறார். கூலிக்கு வந்தவர்களில் ஒருவன் அந்த ஊருக்காகச் சாகிறான். மற்றவன் கடைசியில் ரயிலேறுகிறான். பெட்டிக்குள் பஸந்தி காத்திருக்கிறாள். வீருவுக்கு யாரும் ஒரு நல்ல குலத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை.