ஏட்டைக் காத்தலும் பெயரைக் காத்தலும்

திருச்சபை வரலாறு பயின்றோர் தியோக்கிலேத்தியன் காலத்துத் துன்புறுத்தலையும், அதன்பின் எழுந்த "கையளித்தோர்" பிணக்கையும் அறிவர். கி.பி. 303 ஆம் ஆண்டு மே மாதம் 19 ஆம் நாள், வட ஆப்பிரிக்காவின் சிர்த்தா நகரில், கிறிஸ்தவர் கூடிவந்த வீட்டிற்கு அரசு அலுவலர் சென்று திருமறைச் சுவடிகளைக் கேட்டனர். பெரிய சுவடி ஒன்று கொணர்ந்து கொடுக்கப்பட்டது. ஏனையவை எங்கே என வினவப்பட்டபோது, அவை வாசகர்களின் இல்லங்களில் உள்ளன என்று விடை வந்தது. அவ்வாசகர் யாவர் எனக் கேட்கவே, துணைத் திருத்தொண்டர் இருவர் தாம் காட்டிக்கொடுப்போர் அல்லர் என்றும், வேண்டுமாயின் தம்மைக் கொல்லலாம் என்றும் கூறிக் காவலில் வைக்கப்பட்டனர். வேறு இருவர் வீடு வீடாகச் சென்று வாசகரைக் காட்டினர். தொனாத்தியர் பிணக்கில் பெரிதும் பேசப்பட்டது ஏட்டைக் கையளித்த குற்றமே. ஏடு வைத்திருப்போரின் பெயரைக் கையளித்தல் வேறொரு குற்றம். அவ்விரு தொண்டரும் முன்னதைச் செய்தனர். பின்னதைச் செய்ய மறுத்தனர். இவ்வேறுபாடு நம் காலத்து வினா ஒன்றைத் தெளிவாக்கும் எனக் கருதுகிறோம்.

தன்பாலீர்ப்பினரும் திருநரும் அமெரிக்க நாட்டில் தமக்குள் நடத்திவந்த இதழ்கள், செய்தி மடல்கள், கையால் ஒட்டித் தைத்த சிறு வெளியீடுகள் ஆகியவை இன்று ஆவணக் காப்பகங்களில் சேர்க்கப்பட்டு வருகின்றன. அவற்றுள் பல மின்வடிவில் உலகோர் யாவரும் காணுமாறு வைக்கப்பட்டுள்ளன. இப்பணி நன்று எனப் பொதுவாகப் பாராட்டப்படுகிறது. நாமும் பாராட்டுகிறோம்; ஆயினும் முழுமையாக அன்று. தன்பாலீர்ப்பைக் குறித்துச் சபை மன்றங்களில் நிகழும் விவாதத்தில் நம் வாசகர் ஒருமனப்பட்டவர் அல்லர் என்பதை அறிவோம். அவ்விவாதம் இக்கட்டுரையின் பொருள் அன்று. எனினும் ஒன்று கூறவேண்டும். அரை நூற்றாண்டுக்கு மேலாக இம்மக்களைக் குறித்துத் திருச்சபைகள் அறிக்கை மேல் அறிக்கை வெளியிட்டுள்ளன. இம்மக்கள் தாமே எழுதிய பக்கங்களை அவ்வறிக்கையாளர் படித்ததற்கான அடையாளம் அரிதாகவே தென்படுகிறது. மூல ஏட்டைப் படியாமல் விளக்கவுரை எழுதுவதை நாம் வேறெந்தத் துறையிலும் ஏற்பதில்லை.

இவ்வேடுகள் பிறந்த சூழலை முதலில் நோக்குவோம். 1947 ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் நகரில், ஆர்.கே.ஓ. திரைப்பட நிறுவனத்தில் செயலராகப் பணியாற்றிய பெண்மணி ஒருவர், வேலை குறைந்த நேரங்களில் கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்து "வைஸ் வெர்ஸா" என்னும் இதழை உருவாக்கினார். ஒவ்வோர் இதழுக்கும் ஏறத்தாழப் பத்துப் படிகள். மொத்தம் ஒன்பது இதழ்கள். முதலில் சில படிகளை அஞ்சலில் அனுப்பினார். அது ஆபத்து எனத் தோழி ஒருவர் எச்சரித்தபின் கைக்குக் கையாகவே கொடுத்தார். ஒழுக்கக்கேடான பொருளை அஞ்சலில் விடுப்பதைத் தண்டிக்கும் 1873 ஆம் ஆண்டுச் சட்டம் அன்று நடைமுறையில் இருந்தது. இதழில் எழுதியவர் பெயர் எதுவும் இல்லை. பின்னாளில் அவர் சூடிக்கொண்ட "லிசா பென்" என்னும் புனைபெயரும், எழுத்துகளை இடம் மாற்றிப் படித்தால் லெஸ்பியன் என்றாகும் ஒரு புதிரே. சைக்ளோஸ்டைல் சுற்றறிக்கை காலத்தை அறிந்த மூத்த ஆயர்கள், கார்பன் படியின் கடைசித் தாள் எவ்வளவு மங்கியிருக்கும் என்பதை அறிவர். அத்தாள்களிலும் சில இன்று நமக்கு எஞ்சியிருப்பது வியப்பே.

1953 சனவரியில் அதே நகரில் தோன்றிய "ஒன்" என்னும் இதழ் வெளிப்படையாக விற்கப்பட்டது. 1954 அக்டோபர் இதழை நகர அஞ்சல் தலைவர் ஒழுக்கக்கேடானது எனத் தடுத்து நிறுத்தினார். இரு கீழ் நீதிமன்றங்கள் அவர் பக்கம் தீர்ப்பளித்தன. 1958 சனவரி 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வாய்மொழி வாதம் கேளாமலேயே அத்தீர்ப்பைத் தள்ளிற்று. இதழ் அஞ்சலில் செல்லும் உரிமை அவ்வாறு கிடைத்தது. ஆனால் அதைப் பெற்றுக்கொள்பவரின் அச்சத்தை எந்த நீதிமன்றமும் நீக்கவில்லை. வேலை, வீடு, பிள்ளைகள் ஆகிய யாவும் ஓர் உறையின்மீது எழுதப்பட்ட முகவரியைப் பொறுத்து நின்றன.

இதனை நன்குணர்ந்தவர் சான் பிரான்சிஸ்கோவில் "பிலிட்டிஸின் புதல்வியர்" என்னும் பெண்கள் சங்கத்தினர். அவர்கள் 1956 அக்டோபரில் "தி லேடர்" என்னும் இதழைத் தொடங்கினர். அடுத்த மாதத்து இதழிலேயே, சந்தாதாரர் பெயர்கள் பாதுகாப்பாக உள்ளன என்று உறுதி கூறும் கட்டுரை வந்தது. நூல் வாங்கியோரின் பெயர்களை நாடாளுமன்றக் குழுவுக்குத் தர மறுத்த ரூம்லி என்பவரின் வழக்கில் 1953 இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அதில் சான்றாகக் காட்டப்பட்டது. அவ்வுறுதியை எழுதிய ஆசிரியரே புனைபெயரில்தான் எழுதினார் என்பது கவனிக்கத்தக்கது. சில மாதங்களில் அவர் புனைபெயரைக் களைந்து ஃபிலிஸ் லியோன் என்னும் தம் சொந்தப் பெயரை வெளியிட்டார். தம் பெயரை வெளியிடும் உரிமை தமக்கே உரியது, பிறர் பெயரை வெளியிடும் உரிமை தமக்கு இல்லை என அவர் கண்ட எல்லையை இன்றைய காப்பகத்தார் பலர் காணவில்லை என்பதே நம் குறை. 1970 இல் சங்கத்திற்குள் பிளவு எழுந்தபோது, இதழை நடத்தியவர்களே அச்சந்தாதாரர் பட்டியலைத் தலைமை அலுவலகத்திலிருந்து எடுத்துச் சென்று, 1972 வரை தனியே இதழை நடத்தினர். அரசுக்கு அஞ்சிப் பூட்டி வைத்த பட்டியல் தோழியர் கையால் வெளியேறியது.

இவ்வரலாற்றில் திருச்சபைக்கும் பங்குண்டு. 1964 இல் சான் பிரான்சிஸ்கோவின் கிளைடு நினைவு மெதடிஸ்ட் ஆலயத்தைச் சார்ந்த ஆயர்களும் பிற சபையாரும், இச்சங்கத்தாருடன் சேர்ந்து, சமயத்தையும் தன்பாலீர்ப்பையும் குறித்து உரையாடும் மன்றம் ஒன்றை நிறுவினர். 1965 ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் அம்மன்றம் நடத்திய நடன விழாவின் வாயிலில் காவல்துறையினர் நின்று, உள்ளே செல்வோர் ஒவ்வொருவரையும் புகைப்படம் எடுத்தனர். மறுநாள் அவ்வாயர்கள் செய்தியாளரைக் கூட்டிக் காவல்துறையைக் கண்டித்தனர். முகமும் பெயரும் பதிவாவது எத்தகைய தண்டனை என்பதை அவர்கள் தம் கண்ணால் கண்டனர். கனடாவின் டொரன்டோ நகரிலும் 1977 டிசம்பர் 30 அன்று "தி பாடி பாலிட்டிக்" என்னும் இதழின் அலுவலகத்தைக் காவலர் சோதனையிட்டு, பெட்டி பெட்டியாக அள்ளிச் சென்ற தாள்களில் சந்தாதாரர் பட்டியலும் இருந்தது.

பொது நூலகங்கள் இவ்வேடுகளைப் பொருட்படுத்தாத நாளில் இவற்றைக் காத்தவர் தனிமனிதரே. ஜிம் கெப்னர் 1942 முதல் தம் இல்லத்தில் சேர்த்தார். 1979 இல் ஹாலிவுட்டில் கடையொன்றை எடுத்து அதைப் பொதுமக்களுக்குத் திறந்தார். அத்தொகுப்பு பின்னர் "ஒன்" நிறுவன நூலகத்துடன் இணைந்து, 2010 இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக நூலகத்தின் பகுதியாயிற்று. நியூயார்க்கில் 1974 இல் பெண்கள் சிலர் தொடங்கிய லெஸ்பியன் வரலாற்றுக் காப்பகம், ஜோன் நெஸ்லியின் வாடகை வீட்டுச் சரக்கறையிலிருந்து வளர்ந்தது. 1993 முதல் புரூக்ளினில் சொந்த இல்லத்தில் உள்ளது. அது பல்கலைக்கழகக் கூரையின்கீழ்ச் செல்ல மறுத்தது. அரசு நிதியையும் ஏற்கவில்லை. இவ்விரு வழிகளுள் எது சிறந்தது எனின், நாம் எளிதில் தீர்ப்புக் கூறோம். தன்னார்வலர் முதுமையடைவர், தாளும் மட்கும், குளிரூட்டிய அறையும் நிலையான ஊழியரும் வேண்டும். ஆனால் எதைத் திறப்பது, எதை மூடுவது என்னும் முடிவு, அவ்வேடு யாருக்காக எழுதப்பட்டதோ அவர்தம் கையில் இருத்தல் வேண்டும் என்பதில் புரூக்ளின் பெண்களின் உள்ளுணர்வு சரியானது.

இவ்வுள்ளுணர்வு 2016 இல் சோதிக்கப்பட்டது. 1984 இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய "ஆன் அவர் பேக்ஸ்" என்பது பெண்கள் பெண்களுக்காக நடத்திய இதழ். உடலின்பம் குறித்த படங்களையும் எழுத்துகளையும் தாங்கியது. ரிவீல் டிஜிட்டல் என்னும் நிறுவனம், பதிப்புரிமை உடையவரின் இசைவு பெற்றே, அதனை மின்வடிவில் யாவர்க்கும் திறந்தது. டாரா ராபர்ட்சன் என்னும் நூலகர் இதனை வெளிப்படையாக எதிர்த்தார். அவ்விதழில் தோன்றிய பெண்கள் சிறிய வட்டத்தினர் வாங்கும் அச்சுத் தாளுக்கே இசைந்தனர், உலகு முழுவதற்கும் அன்று என்பது அவர் வாதம். அவர் கார்னெல் பல்கலைக்கழகக் காப்பகம் வரை சென்று பழைய ஒப்பந்தத் தாள்களையும் பார்வையிட்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் இதழ் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. சட்டப்படி குறைவின்றிச் செய்யப்பட்ட செயல் நம்பிக்கையின்படி குறையுடையதாயிற்று.

அச்சேறியது எதுவும் மறைபொருள் ஆகாது என்று ஆய்வாளர் சிலர் வாதிடுவர். இவ்வாதம் நமக்கு ஏற்புடையதன்று. ஒரு நகரின் ஒரு கடையில் விற்ற தாளும், ஒருவரின் பெயரைத் தட்டிய நொடியில் எவர் கண்முன்னும் வந்து நிற்கும் பக்கமும் அளவால் மட்டுமன்றித் தன்மையாலும் வேறுபட்டவை. அன்று இருபது வயதில் எழுதியவர் இன்று எங்கோ ஓர் ஊரில் பள்ளி ஆசிரியராகவோ, ஆயரின் துணைவியாகவோ, ஆயராகவோ இருக்கலாம். சிற்றிதழ்களைக் காக்கும் நூலகர்கள் 2015 இல் தமக்கென வகுத்துக்கொண்ட நெறிமுறை, ஆக்கியோரின் இசைவை நாட வேண்டும் என வலியுறுத்துகிறது. ஐம்பதே படி எடுத்து நண்பருக்குக் கொடுத்த பதின்பருவத்தினரின் வெளியீடுகளை அன்றாடம் கையாள்வோர் வகுத்த நெறி அது. பெரிய நிறுவனங்கள் இச்சிறியோரிடம் கற்கலாம்.

ஆயினும் மறுபுறத்திலும் ஒரு தவறு உண்டு. பெயருக்கு அஞ்சி ஏட்டையே பூட்டிவிடுவது, முன்பே வாய் அடைக்கப்பட்டவரை மீண்டும் அடைப்பதாகும். 1933 மே 6 அன்று பெர்லினில் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டின் பாலியல் ஆய்வு நிலையத்தை நாஜி மாணவர் சூறையாடினர்; நான்கு நாள்களுக்குப்பின் அதன் நூல்கள் பொதுவிடத்தில் எரிக்கப்பட்டன. எரிந்த ஏட்டுக்கு இசைவு கேட்போர் எவருமிலர். எல்லாப் பெயரையும் மறைப்பதும் முறையன்று. துணிந்து கையொப்பமிட்டவரின் பெயரை அழித்தல் அவருக்குச் செய்யும் அநீதி. "ஒன்" இதழுக்கு வந்த வாசகர் மடல்களைத் தொகுத்துக் கிரெய்க் லாஃப்டின் 2012 இல் வெளியிட்ட நூல் இவ்வகையில் நல்ல முன்மாதிரி. மடல் எழுதியோரின் பெயர்களை மாற்றி, அவர்தம் குரலை மாற்றாமல் தந்துள்ளார். ஆயர்த்துவப் பணி பயிலும் மாணவர், இம்மக்களைப் பற்றிய உளவியல் நூலொன்றைப் படிக்குமுன் இம்மடல்களைப் படிப்பாராயின் பயனடைவர் என்பது நம் கருத்து.

சபைகளுக்குள்ளே பிறந்த மடல்களைப் பற்றியும் கூறியாக வேண்டும். 1974 இல் ஜார்ஜியா மாநிலத்துச் சிற்றூரான ஃபோர்ட் வேலியில் லூயி குரூ என்னும் ஆசிரியர், எப்பிஸ்கோப்பல் திருச்சபையிலுள்ள தன்பாலீர்ப்பினருக்காக "இண்டெக்ரிட்டி" என்னும் செய்தி மடலைத் தொடங்கினார். சங்கம் அமைத்தபின் மடல் வெளியிடுவதே வழக்கம்; இங்கோ மடல் வந்தபின் அதனைப் படித்தோர் ஒருவரையொருவர் கண்டு சங்கம் ஆயினர். திருமுகங்களால் இணைக்கப்பட்ட முதல் நூற்றாண்டுச் சபைகளைப் பற்றி வகுப்பறையில் நாம் கற்பிப்பது இதற்கு வெகு தொலைவில் இல்லை.

இத்தகைய மடல்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆயர்களின் பரணில் அட்டைப்பெட்டிகளில் கிடப்பவை. அவர் மறைந்தபின் குடும்பத்தார் குப்பையில் இடுபவை. 2001 இல் சிகாகோ இறையியல் கல்லூரியில் தொடங்கப்பட்டு, பின்னர் பெர்க்லியின் பசிபிக் சமயக் கல்லூரியோடு இணைந்த சமய ஆவண வலையமைப்பு ஒன்று இதற்காகவே உழைக்கிறது. தானே யாவற்றையும் குவித்து வைப்பதைவிட, ஒவ்வொரு பெட்டிக்கும் ஏற்ற காப்பகத்தைத் தேடித் தருவதும், எது எங்குள்ளது எனப் பட்டியலிடுவதும் அதன் வேலை. நமக்குக் குவியலைவிட இவ்வழியே பிடித்திருக்கிறது. பெட்டியைக் கையளிக்கும் முதியவரிடம் அமர்ந்து, இதில் யார் பெயர் உள்ளது, அவர் உயிருடன் உள்ளாரா, அவரிடம் கேட்டீர்களா என்று வினவுவதற்கு அவ்வழியில் இடமுண்டு. ஆயர் பணிக்குப் பயிற்சி பெற்றவர் செய்யத்தக்க உரையாடல் அது.

அப்பெட்டிகளில் மடல்களோடு முகவரிப் பட்டியலும் இருக்கும். அதனை மடலிலிருந்து பிரித்துத் தனியே முத்திரையிட வேண்டும். எத்தனை ஆண்டு எனக் கேட்பின், அமெரிக்க அரசு தன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளையே 72 ஆண்டுகள் மூடி வைக்கிறது என்பதை நினைவூட்டுவோம். சாதாரணக் குடிமக்களின் வயதையும் தொழிலையும் கூறும் ஏட்டுக்கு அவ்வளவு காவல் வேண்டுமாயின், இப்பட்டியலுக்கு அதனினும் குறைத்தல் ஆகாது. அக்கணக்கின்படி, 1956 ஆம் ஆண்டின் சந்தாதாரர் பட்டியல் ஒன்று எங்கேனும் எஞ்சியிருக்குமாயின், 2028 க்குமுன் அது திறக்கப்படலாகாது.