நடுகல்லும் மிகை மெய்ம்மையும்: புலம்பெயர் இடநினைவு குறித்த ஒரு திறனாய்வு

2010ஆம் ஆண்டு மே மாதத்தில் இலண்டன் அருங்காட்சியகம் 'ஸ்ட்ரீட்மியூசியம்' என்னும் ஐபோன் செயலியை வெளியிட்டது. நகரின் குறிப்பிட்ட இடங்களில் நின்று கைப்பேசியை உயர்த்தினால், அவ்விடத்தின் பழைய ஒளிப்படமோ ஓவியமோ இன்றைய தெருவின்மேல் படிந்து தோன்றும். 1941ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் குயின் விக்டோரியா தெருவில் சரிந்து விழும் கட்டடம் அவற்றுள் பலராலும் பேசப்பட்டது. சேமிப்பறையில் கிடந்த படங்களை அவை எடுக்கப்பட்ட இடங்களுக்கே திருப்பி அனுப்பியமை அச்செயலியின் சிறப்பு. ஆயினும் அது காட்டியது தெருவின் நினைவன்று. அருங்காட்சியகத் திரட்டின் நினைவு. எவருடைய படம் திரட்டில் இல்லையோ அவர் தெருவிலும் இல்லை.

இத்தொழில்நுட்பத்திற்குத் தமிழில் வழங்கும் 'மிகை மெய்ம்மை' என்னும் சொல் தற்செயலாகவே ஓர் எச்சரிக்கையையும் தாங்கி நிற்கிறது. 'மிகை' என்பது கூடுதல் மட்டுமன்று; வேண்டாததும் குற்றமும்கூட. கலைச்சொல் ஆக்கியோர் இதனைக் கருதினரோ இல்லையோ, திறனாய்வாளர் கருதியே ஆகவேண்டும்.

இடத்தின்மேல் நினைவைப் பொருத்துதல் தமிழுக்குப் புதிதன்று. தலபுராணங்கள் ஒவ்வோர் ஊரின்மீதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதையடுக்கை விரித்தன. நடுகல் அதனினும் நெருங்கிய முன்னோடி. தொல்காப்பியம் நடுகல் மரபைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாகக் காண்கிறது. இவற்றுள் நடுதல் நான்காவதே என்பது கவனத்திற்குரியது. கல்லை நட்டபின்னும் படையலும் வாழ்த்தும் எஞ்சியுள்ளன. அவற்றைச் செய்வோர் இருக்கும்வரைதான் கல் நினைவுச்சின்னமாக இருக்கும், பின்னர் அது வெறுங்கல். மிகை மெய்ம்மை பற்றிய ஆய்வுரைகளிற் பெரும்பாலானவை நடுதலோடு நின்றுவிடுகின்றன. செயலி உருவாக்கப்பட்டது, செய்து காட்டப்பட்டது, கைதட்டல் கிடைத்தது. ஐந்தாண்டுகளின் பின் அது திறக்குமா என்ற கேள்வி எழுப்பப்படுவதில்லை.

இக்கேள்வி புலம்பெயர்ந்தோருக்குக் கூடுதல் கூர்மை உடையது. விம்பிள்டனில் பிள்ளையார் கோயில் உண்டு. ஹைகேட்டில் முருகன் கோயில் உண்டு. டூட்டிங்கிலிருந்து மிச்சம், சட்டன் என விரியும் தென்மேற்குப் புறநகர்களின் தமிழ் வாழ்க்கையோ பெரும்பாலும் கட்டடமாக எஞ்சாதது. வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடப்பது பிறர் பள்ளிக்கூடத்து வாடகை வகுப்பறையில். அரங்கேற்றம் நடப்பது ஒரு மாலைக்கு எடுத்த மண்டபத்தில். சுவரில் ஆணி அடிக்கவும் உரிமையில்லாத இடங்களின்மேல் ஒரு நினைவை நட எவர் அனுமதியும் வேண்டியதில்லை என்பதே மிகை மெய்ம்மையின் உண்மையான கவர்ச்சி. கல் நட நிலமற்றோர்க்கு அது வாய்த்த கருவி. ஆனால் கைப்பேசியின் செய்மதி இடங்காட்டி திறந்த வெளியிலேயே ஏறத்தாழ ஐந்து மீட்டர் பிழைபடும். சட்டனின் வரிசை வீடு பலவற்றின் முகப்பகலமும் அவ்வளவே. ஒரு குடும்பத்தின் கதை அடுத்த வீட்டின்மேல் படிவதற்கு இது போதும். தெருப்படங்களைக் கொண்டு இடத்தை நுணுகி அறியும் முறையை 2022இல் கூகுள் பிற செயலியாளருக்கும் திறந்துவிட்டது. அதில் துல்லியம் கூடுகிறது. கூடவே, அந்நிறுவனத்தின் படக்கருவி செல்லாத தெரு நினைவுக்கும் எட்டாத் தெருவாகிறது.

நிலைபேறின்மைக்கு இலண்டனே சான்று தருகிறது. 2011இல் இங்குத் தொடங்கப்பட்ட பிளிப்பார் நிறுவனம், இத்துறையின் முன்னோடியான ஆம்ஸ்டர்டாம் லேயாரை 2014இல் வாங்கியது. அதே ஆண்டில், 2012 தில்லிப் பாலியல் வன்கொடுமையின் எதிரொலியாக ராம் தேவினேனி முதலியோர் படைத்த 'பிரியாவின் சக்தி' என்னும் சித்திரக்கதை பிளிப்பார் வழியாகவே தன் பக்கங்களுக்கு அசைவும் குரலும் ஏற்றியது. 2018 டிசம்பரில் பிளிப்பார் திவால் நிர்வாகத்தின்கீழ் வந்தது. அச்சிட்ட பக்கம் அன்றும் வாசிக்கத்தக்கதாகவே இருந்தது. அதன் மேலடுக்கின் ஆயுளோ நிறுவனத்தின் கணக்கேட்டைச் சார்ந்திருந்தது. ஓலைச்சுவடியைச் செல்லரிக்கும், ஆயினும் படியெடுப்போன் எவர் இசைவையும் கேட்க வேண்டியிருந்ததில்லை. மூடிய செயலியைப் படியெடுக்க வழியே இல்லை.

தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை இச்சிக்கல் இன்னும் ஆழமானது. தமிழாய்வாளர் கவலைகொள்ள வேண்டியதும் இங்கேதான். இத்தகைய செயலிகள் பலவும் யூனிட்டி போன்ற விளையாட்டுப் பொறிகளில் ஆக்கப்படுகின்றன. அவற்றின் வழமையான எழுத்துக் கருவிகளில் இந்திய எழுத்துகளைக் கோத்தமைக்கும் திறன் நெடுங்காலம் இல்லை. ஒருங்குறியில் ககரத்தின் பின்னரே ஐகாரக் குறி சேமிக்கப்படும். திரையில் அது முன்னே வரவேண்டும். கோத்தமைப்பு இல்லாதபோது 'கைப்பேசி' என்ற சொல்லின் முதலெழுத்தே சிதையும். உருவாக்குநர் கண்ட குறுக்குவழி, தமிழ் உரையைப் படமாக மாற்றி ஒட்டுவது, அல்லது பழைய எழுத்துரு உத்திகளுக்குத் திரும்புவது. பார்வைக்குக் குறையில்லை. ஆனால் அவ்வுரையைத் தேடவோ, படியெடுக்கவோ, பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டவோ இயலாது. 1999ஆம் ஆண்டுச் சென்னைத் தமிழ்இணைய மாநாட்டில் குறியேற்றக் குழப்பத்தைத் தீர்க்க முயன்ற ஒரு சமூகம், அதே குழப்பத்திற்குப் பின்வாசல் வழியாக நுழைகிறது.

இணைய உலாவியில் இக்குறை இல்லை. அங்குத் தமிழ் எழுத்து பிறழாமல் அமைகிறது. 2020 முதல் ஆண்ட்ராய்டின் குரோம் உலாவி வெப்எக்ஸ்ஆர் வழி மிகை மெய்ம்மையைக் காட்டவல்லது. முப்பரிமாண உருக்களுக்குரிய ஜிஎல்டிஎஃப் வடிவம் 2022இல் பன்னாட்டுத் தரமாயிற்று. ஆப்பிளோ தன் கைப்பேசிக்கு வேறு கோப்பு வடிவத்தைப் போற்றுகிறது. ஆதலால் இணையவழி முழுமையான விடையென்று கொள்வதற்கில்லை. காப்பகம் என்னும் பெயரும் தானாகக் காப்பதில்லை. 2023 அக்டோபரில் நிகழ்ந்த இணையத் தாக்குதலால் பிரித்தானிய நூலகத்தின் பட்டியலும் எண்ணிமத் திரட்டுகளும் மாதக்கணக்கில் எட்டாதிருந்தன.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எடுத்துக்கொள்ளலாம். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரியூட்டப்பட்ட அக்கட்டடம் இன்று வெண்ணிறத்தில் மீண்டெழுந்து நிற்கிறது. எரிந்தமைக்கான தடம் முகப்பில் இல்லை. அதன் முன்றலில் கைப்பேசியை உயர்த்தும் இளையவர் கருகிய சுவர்களைக் காணும்படி செய்வது இன்று அரிய செயலன்று. அரியது அவ்வடுக்கின் பின்னணியைப் பேணுவது: எவர் எடுத்த படம், எந்நாளில், எவ்வுரிமையின்கீழ், எந்த ஆயத்தொலைவில், தமிழ் விளக்கம் ஒருங்குறியில் உள்ளதா, கோப்புகளின் படிகள் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் போன்ற ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைக்கப்பட்டனவா. சுவடியைப் படியெடுத்தோர் பலர் அதன் இறுதியில் தம் பெயர், ஊர், எழுதி முடித்த நாள் ஆகியவற்றைக் குறித்துவைத்தனர். செயலியை நூற்பட்டியலில் சேர்க்கும் ஆய்வு நூலகம் முதலிற் கேட்டுப் பெறவேண்டியது அந்தப் பதிவையே. செயலி அதன் பின்.