அவுட்போர்டு மோட்டாரில் வழியும் கறுப்பு எண்ணெய்

கோவை உக்கடத்தில் கைமாறி வந்த ஒரு பழைய அவுட்போர்டு மோட்டாரை ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. 5 குதிரைத்திறன், ஒரே சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும். எடை குறைவு என்பதால் ஒருவரே தூக்கிப் படகில் மாட்டிவிடலாம்.

முதலில் ஒர்க்‌ஷாப்பில் இரும்புச் சட்டத்தில் மாட்டி, அடிப்பாகம் டிரம் தண்ணீரில் மூழ்கும்படி வைத்து ஓட்டினோம். சட்டென்று பிடித்துக்கொண்டது, ஐட்லிங் சீராக இருந்தது. குளிர்விக்கும் தண்ணீர் பக்கத்துத் துளை வழியாக நன்றாகப் பீய்ச்சியது. ஆனால் சிறிது நேரத்தில் தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் விரிந்தது. புகை வெளியேறும் வாயில் கறுப்பாக, பிசுபிசுப்பாக ஒன்று வழிந்து நின்றது.

“ரிங்கு போயிருச்சுங்கண்ணா, பிரிச்சுப் பாத்தர்லாமுங்க” என்றார் மெக்கானிக் தம்பி. ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குகளோடு வளர்ந்தவருக்கு அப்படித்தான் தோன்றும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ரிங் தேய்ந்தால் கீழே உள்ள ஆயில் மேலேறி எரியும். இந்த மோட்டாரிலோ மேலேறுவதற்கு ஆயில் சம்ப்பே கிடையாது. சிலிண்டருக்குள் போகும் ஆயில் பெட்ரோலோடு வருவது மட்டும்தான். ரிங் தேய்ந்திருந்தால் இழுவை குறையும், ஸ்டார்ட் ஆகத் திணறும். அந்த அறிகுறி எதுவும் இல்லாதபோது இன்ஜினைப் பிரிப்பது வீண் செலவு.

வழிவது எந்த எண்ணெய் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெள்ளைத் துணியில் துடைத்து முகர்ந்தால் போதும். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் அது கியர் ஆயில். புரொப்பல்லர் ஷாஃப்டில் மீன்வலை நரம்பு சுற்றிக்கொண்டு சீலை அறுத்துவிடுவது அடிக்கடி நடப்பதுதான். கியர் பெட்டியின் கீழ் ஸ்க்ரூவைக் கழற்றும்போது ஆயில் பால் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். இங்கே கியர் ஆயில் சுத்தமாக, அளவு குறையாமல் இருந்தது. துணியில் ஒட்டியது மெல்லிய கறுப்பு, பெட்ரோல் வாடை. எரியாமல் வெளியே வந்த கலவை ஆயில்தான்.

அது ஏன் எரியவில்லை? பிளக்கைக் கழற்றினால் கறுத்து நனைந்திருந்தது. மோட்டாரோடு வந்த கேனில் இருந்தது பைக்குக்கான 2டி ஆயில். அதையும் 25:1 விகிதத்தில், அதாவது லிட்டருக்கு 40 மில்லி கலந்திருந்தார்கள். புது மோட்டாரைப் பழக்கும்போதுதான் அந்த அளவு வேண்டும். இந்த மோட்டாருக்கு 50:1, லிட்டருக்கு 20 மில்லி போதும். ஆயிலின் வகை அதைவிட முக்கியம். பைக் இன்ஜின் காற்றில் குளிர்வது, சூடாக ஓடும். அவுட்போர்டு தண்ணீரில் குளிர்வது, சூடு குறைவு. அதற்கென்றே சாம்பல் தங்காத டிசி-டபிள்யூ3 தர ஆயில் இருக்கிறது. டப்பாவின் மேல் அந்த எழுத்துகள் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

தெர்மோஸ்டாட்டையும் கழற்றிச் சுடுதண்ணீரில் போட்டுப் பார்த்தோம். அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் இன்ஜின் சூடேறாமல் ஓடி ஆயிலைத் துப்பிக்கொண்டே இருக்கும். இதில் சரியாக இருந்தது. சோக் முழுதாகத் திறக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுப் புது பிளக், புதுக் கலவையோடு ஒரு பண்ணைக்குட்டைக்குக் கொண்டுபோனோம். படகைக் கரையோடு இழுத்துக் கட்டி, கியர் போட்டு, முக்கால் திராட்டிலில் ஓட்டினோம். டிரம்மில் சுமையில்லாமல் ஐட்லிங்கில் ஓட்டி ஒரு டூ ஸ்ட்ரோக்கை மதிப்பிடுவது நியாயமில்லை. சுமை ஏறியதும் பழைய கசடு கொஞ்ச நேரம் வெளியேறியது. பிறகு புகை மெலிந்து, வழிவது வெகுவாகக் குறைந்தது. பிளக் காப்பித்தூள் நிறத்துக்கு வந்தது.

முழுதாக நிற்கவில்லை, நிற்கவும் நிற்காது. இவ்வகை இன்ஜினில் புது கலவை உள்ளே வரும்போதே புகைவாசலும் திறந்திருக்கும். கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளில் எரிபொருளில் 25 முதல் 30 சதவீதம் வரை எரியாமலே தண்ணீருக்குப் போகும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையின் கணக்கு. கலிபோர்னியா, நெவாடா எல்லையில் உள்ள டாஹோ ஏரியில் 1999-லேயே இவற்றைத் தடை செய்துவிட்டார்கள். அலையடிக்கும் கடலில் ஓட்டி, கரையிலேயே பழுது பார்த்துக்கொள்ளும் மீனவருக்கு இந்த மோட்டார் இன்னும் நல்ல துணை. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் போன்ற தேங்கிய நீருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே சாக்கடையையும் ஆகாயத்தாமரையையும் சுமந்த குளங்கள் அவை. கூழைக்கடாக்கள் மீன் பிடிக்கும் நீர். அங்கே பேட்டரி மோட்டார் போதும், அல்லது ஃபோர் ஸ்ட்ரோக். ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கினால் கையேட்டில் சொன்ன பக்கமாக மட்டுமே படுக்க வையுங்கள்; தவறான பக்கம் சாய்த்தால் சம்ப் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கி, இதே கறுப்பு அங்கேயும் வழியும்.

பழையதையே வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கறுப்பைப் பார்த்துப் பயந்து ஆயிலை லிட்டருக்கு 10 மில்லியாகக் குறைத்துவிடாதீர்கள், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, பெட்ரோல் பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும். அதிக ஈரம் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு போய்விடும். அடியிலிருந்து உறிஞ்சும் மோட்டாருக்குக் கிடைப்பது ஆயிலே இல்லாத திரவம். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலந்து, மிச்சத்தை வடித்துவிடுங்கள்.