பொற்காலமும் பழங்கால ஏக்கமும் - ‘மிட்நைட் இன் பாரிஸ்’ திரைப்படத்தை முன்வைத்து

முன்னுரை

வுடி ஆலன் எழுதி இயக்கிய ‘மிட்நைட் இன் பாரிஸ்’ 2011ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவின் தொடக்கப் படமாகத் திரையிடப்பட்டது. சிறந்த மூலத் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருதினை 2012இல் பெற்றது. காதலும் வேடிக்கைக் கற்பனையும் கலந்த இப்படத்தின் பொருள், தான் வாழாத காலத்தின்மீது மனிதன் கொள்ளும் ஏக்கமாகும். அவ்வேக்கம் பிழையானது என்று கூறும் படமே அதனைப் பார்வையாளரிடம் எழுப்பி மகிழ்விக்கவும் செய்கிறது. இம்முரண் படத்தின் ஈர்ப்புக்கு எவ்வாறு துணைசெய்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கதையமைப்பு

கில் பெண்டர் ஹாலிவுட் திரைக்கதை ஆசிரியன். பழம்பொருள் கடையில் பணிபுரியும் ஒருவனைப் பற்றிய நாவலை எழுதிக்கொண்டிருப்பவன். மணம் பேசப்பட்ட இனெஸுடன் பாரிசுக்கு வருகிறான். நள்ளிரவு மணி ஒலிக்கையில் பழைய கார் ஒன்று வந்து அவனை 1920களுக்கு அழைத்துச் செல்கிறது. ஃபிட்ஜெரால்டு, ஹெமிங்வே, பிக்காசோ முதலியோரை அவன் சந்திக்கிறான். கெர்ட்ரூட் ஸ்டெய்ன் அவனது நாவலைப் படித்துத் திருத்தம் கூறுகிறார். இக்காலப் பயணம் எவ்வாறு நிகழ்கிறது என்பதற்குப் படம் எவ்விளக்கமும் தருவதில்லை. கருவியோ மந்திரமோ இன்மையால் பார்வையாளர் நாட்டுப்புறக் கதை கேட்பவரைப் போல ஐயமின்றி அதனை ஏற்றுக்கொள்கின்றனர்.

ஒரே கருத்து, இருவர் கூற்று

பழங்கால ஏக்கம் என்பது துன்பமான நிகழ்காலத்தை ஏற்க மறுக்கும் மனநிலை என்று படத்தின் முற்பகுதியிலேயே பால் என்னும் பாத்திரம் கூறிவிடுகிறது. பால் எல்லாம் அறிந்தவனாகக் காட்டிக்கொள்பவன். சிற்பி ரோடினின் மனைவி யார், காதலி யார் என்று அருங்காட்சியக வழிகாட்டியுடன் தவறாக வாதிடுபவன். எனவே அவன் கூறும் கருத்து சரியாயினும் எவர் மனத்திலும் இடம்பெறுவதில்லை.

அதே கருத்தைப் பிற்பகுதியில் கில்லே உணர்கிறான். 1920களில் அவன் விரும்பும் அட்ரியானாவுக்குத் தன் காலம் சலிப்பைத் தருகிறது. அவளது கனவுக்காலம் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பாரிஸ். இருவரும் அங்குச் சென்று சேர்கையில், ஓவியர்களான கோகனும் தெகாவும் மறுமலர்ச்சிக் காலமே சிறந்தது என்கின்றனர். அட்ரியானா அங்கேயே தங்கிவிட முடிவு செய்கிறாள். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இல்லாத காலம் அது என்று கில் நினைவூட்டியும் பயனில்லை. அவன் அவளை இழந்து திரும்புகிறான். பால் கூறியபோது வெறும் தகவலாக நின்ற கருத்து, காதலை இழந்தவன் கூறும்போது அனுபவமாகிறது. படத்தின் வலிமை இவ்விடத்திலேயே உள்ளது.

சங்கப் பாடலில் ஒத்த நிலை

இந்நிலை தமிழாய்வாளர்க்குப் புதியதன்று. தமிழ் இலக்கிய வரலாறுகள் பல சங்ககாலத்தைப் பொற்காலம் என்று சுட்டியுள்ளன. ஆயின் அக்காலப் புலவராகிய பெருஞ்சித்திரனார், பாரி முதலிய வள்ளல் எழுவரும் மறைந்துபோனதைப் புறநானூற்றின் 158ஆம் பாடலில் குறிப்பிடுகிறார். பொற்காலத்தில் வாழ்ந்தவர்க்கும் பெருமைக்குரிய ஒரு காலம் பின்னே இருந்தது. எனினும் அப்பாடல் இழப்பை எண்ணி இரங்குவதோடு நின்றுவிடாமல், தன் காலத்து வள்ளலாகிய குமணனிடம் வந்து சேர்கிறது. கில்லும் இறுதியில் தன் காலத்துப் பாரிசுக்கே வருகிறான். பழைய இசைத்தட்டு விற்கும் கேப்ரியலுடன் மழையில் நடந்து செல்கிறான். இருவேறு மரபுகளைச் சார்ந்த இப்படைப்புகள் பழமையைப் போற்றியபடியே நிகழ்காலத்தை நோக்கித் திரும்புதல் ஒப்புநோக்கத்தக்கது.

படத்தின் குறை

படம் காட்டும் 1920கள் பெரும்பாலும் புகழ்பெற்ற பெயர்களின் அணிவகுப்பாகவே உள்ளன. முதல் உலகப்போரின் காயங்கள் ஆறாத நகரம் அது. ஹெமிங்வேயே 1918இல் இத்தாலியப் போர்முனையில் காயமுற்றவர். படத்திலோ போர் அவரது பேச்சு நடையாக மட்டும் சுருங்கிவிடுகிறது. கறுப்பினக் கலைஞர் ஜோசபின் பேக்கர் ஆடிக் காட்டுவதோடு சரி, அவருக்கு உரையாடல் இல்லை. பழமையில் துன்பமும் உண்டு என்பதைச் சொல்லில் வைத்த இயக்குநர் காட்சியில் வைக்கவில்லை. அவ்வாறு வைத்திருந்தால் கில்லின் தெளிவு மேலும் ஆழம் பெற்றிருக்கும்.

முடிவுரை

ஏக்கத்தை இகழாமல், அதனை நிறைவேற்றிக் காட்டி, அந்நிறைவுக்குள்ளேயே அதன் எல்லையை உணர்த்துவது இப்படத்தின் ஈர்ப்புக்குக் காரணமாகும். கில்லுக்குப் பழமை தங்கும் இடமாக அமையவில்லை. தன் நாவலைத் திருத்திக்கொள்ளவும் தன் வாழ்வைத் தெளிந்துகொள்ளவும் உதவிய பள்ளியாக அமைந்தது. பழம்பனுவல்களைப் பயில்வோர்க்கும் இது பொருந்தும் எனலாம்.